கழிவு நூல் மூட்டை

முதலாளி வீட்டு மருமகன் என் புருஷனைத் திருடன் என்று சொன்னபோது நான் எதிரில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். கையில் கோணி ஊசி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கு அதுதான் ஆத்திரமாக வருகிறது. அந்த ஆள் பேசுவதைக் கேட்க நான் எதற்கு எழுந்து நின்றேன்?

என் பெயர் துர்காதேவி. எனக்குக் கோபம் அதிகம் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். பிள்ளையார்பாளையத்தில் முரளீதரன் முதலாளியின் பட்டுக் குடோனில் மூட்டை கட்டுவது என் வேலை. முதலாளிக்குக் காந்தி ரோட்டில் கடை, வீடு சின்ன காஞ்சிபுரத்தில். பெங்களூரில் இருக்கிற பெரிய கடைகளுக்கு எங்கள் குடோனிலிருந்துதான் புடவை போகும். நான் கட்டுகிற மூட்டையை என் வீட்டுக்காரர் தன் சொந்த லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். உமாபதி என்றால் வண்டி ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று நீங்கள் தடுமாறக் கூடாதே என்று இங்கே சொல்கிறேன்.

எங்கள் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. பட்டு மூட்டையைப் பார்த்தால் பட்டு என்று தெரியக் கூடாது. ரொம்ப காலத்துக்கு முன்னால் வேலூர்ப் பக்கம் ரோட்டில் வண்டியை மறித்துக் கல்யாணப் புடவைகளை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து முதலாளி இந்த ஏற்பாட்டைச் செய்தார். ஒவ்வொரு புடவைக்கும் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் வெள்ளைத் துணி, அதற்கு மேல் இருப்பதிலேயே அழுக்கான பழைய சாக்கு. சாக்கின் மேல் கறுப்பு மையில் பெரிதாகக் ‘கழிவு நூல்’ என்று எழுதுவோம். தறியில் அறுந்து விழுகிற நூலைக் கூட்டி அள்ளினால் கிடைப்பது கழிவு. தலையணைக்குள் அடைக்க வாங்கிப் போவார்கள். அதைத் திருட எந்தத் திருடனும் மெனக்கெட மாட்டான்.

பில்லில் ஒளிவு மறைவு கிடையாது. பட்டுப் புடவை என்று போட்டு, வரி கட்டி, ஒட்டிய கவரில் வண்டியோடு போகும். வெளியே எழுதியிருப்பதுதான் பொய். அந்தப் பொய் முதலாளிக்குத் தெரியும், கணக்குப்பிள்ளைக்குத் தெரியும், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியும். நாங்கள் வீட்டில்கூடப் பட்டு என்ற வார்த்தையை எடுக்க மாட்டோம். “இன்னிக்கு எத்தினி கழிவு?” என்று சாப்பிடும்போது கேட்பார். நான் விரலைக் காட்டுவேன்.

அவர் அந்தச் சரக்கை எப்படிக் கொண்டுபோவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தார்ப்பாய் போடுவார். வேறு சரக்கு எதையும் கூட ஏற்ற மாட்டார். வழியில் டீ குடிக்கக்கூட வண்டியை விட்டு இறங்க மாட்டார். கழிவு நூலுக்கு இத்தனை மரியாதையா என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டு வருவார். அவருக்கு அந்தச் சிரிப்பு ஒன்றுதான் தெரியும். எதிர்த்துப் பேசத் தெரியாது. அவருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி பெண் பெருந்தேவியைக் கட்டிக்கொண்டு ஸ்ரீகர் வந்தார். சென்னையில் பெரிய படிப்புப் படித்தவர். வந்ததும் வண்டி வாடகை அதிகம் என்று கண்டுபிடித்தார். அதிகம்தான். பட்டுக்குக் கொடுக்கிற வாடகை அது. அதைக் குறைக்க ஸ்ரீகர் ஒரு வழி சொன்னார். இனிமேல் வண்டி பிடிக்கிற வேலையே நமக்கு வேண்டாம், அதற்கென்று சென்னையில் கம்பெனி இருக்கிறது, அவர்களே வண்டி தேடுவார்கள், விலை பேசுவார்கள், அனுப்புவார்கள் என்றார். முதலாளி தலையாட்டினார். மருமகன் புதிது.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் கையில் டேப்லெட்டோடு வந்தார்கள். குடோனைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். மூட்டைகளின் மேல் இருப்பதைப் படித்துப் படித்துத் தட்டிக்கொண்டார்கள். உள்ளே இருப்பது பட்டு என்று ஒருத்தரும் அவர்களிடம் சொல்லவில்லை. முதலாளி, பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தார். கணக்குப்பிள்ளை, மாப்பிள்ளை சொல்லியிருப்பார் என்று நினைத்தார். மாப்பிள்ளையோ, அது குடும்ப ரகசியம், வெளியாளுக்குச் சொல்லக் கூடாது என்று பெருமையாக மறைத்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், வெளியாள் முன்னால் வாயைத் திறக்காதே என்பதுதான் எனக்கு உத்தரவு.

பில் போடுவது ஒரு கம்ப்யூட்டர். வண்டி பிடிப்பது வேறு கம்ப்யூட்டர். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. ஆக, கம்பெனிக்காரர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காஞ்சிபுரத்தில் ஒரு பைத்தியக்கார முதலாளி தலையணைப் பஞ்சு மாதிரியான சரக்கை இரண்டு தார்ப்பாய் போட்டு, தனி வண்டி வைத்து, ராஜ மரியாதையோடு பெங்களூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். எவ்வளவு பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அவர்களுக்கு வாயெல்லாம் பல்லாகியிருக்கும்.

அப்புறம் கம்பெனியின் ஆப்பில், போனிலேயே ஏலம் வந்தது. ஏலம் என்றால் விலை ஏறும் என்றுதான் நமக்குத் தெரியும். இது இறங்குகிற ஏலம். சரக்கு எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று வரும். யார் இன்னும் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு வேலை. என் வீட்டுக்காரரும் அந்த ஆப்பை இறக்கி வைத்துக்கொண்டார். எங்கள் குடோன் சரக்கு ஏலத்துக்கு வந்த அன்றைக்குப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். விலை இறங்கிக்கொண்டே போனது. டீசலுக்கும் டோலுக்கும் காணாத விலைக்கு வந்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“என்னாத்துக்கு உட்டீங்க?” என்றேன்.

“அதுக்குக் கீழ ஓட்டுறவன் தனியா ஓட்ட மாட்டாம்மா. கூட எதையாவது ஏத்துவான். இரும்பு ஏத்துவான், மாட்டுத்தோலு ஏத்துவான். பட்டு மேல.”

அன்றைக்குத்தான் அவர் வீட்டுக்குள் பட்டு என்று சொல்லிக் கேட்டேன்.

மறுநாள் குடோனுக்கு வந்து முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்ரீகரும் இருந்தார். “சார், வண்டி யார் வேணா ஓட்டட்டும், அத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. சரக்கு என்னான்னு மட்டும் அவங்களுக்குச் சொல்லிடுங்க. இல்லன்னா ஏதாவது ஆயிடும்.”

“அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் உமாபதி. நீங்க ஏலத்துல கலந்துக்குங்க, யாரு வேணாம்னா?” என்றார் ஸ்ரீகர்.

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார். எத்தனை வருஷ உழைப்பு, ஒரு ‘சரிங்க சார்’ போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். அதன் பிறகு தண்ணீர் கேன், பந்தல் சாமான் என்று கிடைத்ததை ஓட்டினார்.

முதல் சில லோடுகள் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன. ஸ்ரீகர் கடையில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். எனக்கும் ஒரு டப்பா வந்தது. நான் அதைப் பிரிக்காமல் தெரு நாய்க்கு வைத்தேன்.

அப்புறம் அந்த லோடு. கல்யாண சீசன், பன்னிரண்டு மூட்டை. வந்த லாரி தர்மபுரி லாரி. சந்துக்குள் வழி தெரியாமல் டிரைவர் எனக்குப் போன் செய்தான், நான் போய்க் கையைக் காட்டி உள்ளே கூட்டிவந்தேன். வண்டியில் ஏற்கெனவே பாதிக்கு மேல் இரும்புச் சக்கரம் ஏற்றியிருந்தது. டிரைவர் நல்ல மனுஷன்தான். மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

“அக்கா, இது கழிவுதானே? மேலாக்க போட்டுக்கறேன். நனைஞ்சா ஒண்ணும் இல்லியே?”

நான் ஸ்ரீகரைப் பார்த்தேன். அங்கேயே வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன் என்றே சொல்லலாம். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு டிரைவரிடம் திரும்பினார்.

“ஆமாம்பா, கழிவுதான். எப்படி வேணா போட்டுக்கோ.”

தன் வாயால் சொன்னார். நான் கேட்டேன். அந்த டிரைவர் கேட்டான்.

பெங்களூரில் எட்டு மூட்டைதான் இறங்கியது. நாலு மூட்டையைக் காணோம். அந்த நாலிலும் முகூர்த்தப் புடவை. கடை முழுக்க ஒரே கூச்சல். ஸ்ரீகர் கம்பெனிக்குப் போன் செய்தார். அங்கே ஸஹானா என்று ஒரு பெண், சர்க்கரை மாதிரிப் பேசுவாள். எங்கள் வண்டிக்காரர்கள் எல்லோரும் விசாரித்துச் சேர்க்கப்பட்டவர்கள், மூட்டை தவறியிருந்தால் உங்கள் பக்கம்தான் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். உடனே ஸ்ரீகர் எங்கள் பக்கம் பார்த்தார். பார்த்த இடத்தில் நான் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன்.

“சாக்குக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச வெளியாள் உமாபதி ஒருத்தன்தான். ஏதாவது ஆயிடும்னு அன்னிக்கே சொல்லிட்டுப் போனான். நம்ம முன்னாடியே மிரட்டிட்டுப் போயிருக்கான், நமக்குத்தான் புரியல. திருட்டுப் பய” என்று மாமனாரிடம் சொன்னார். முதலாளி வாயைத் திறக்கவில்லை. என் கல்யாணத்துக்குப் பாக்கு வெற்றிலை எடுத்துக் கொடுத்த மனுஷர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்று சொன்னேன். “சார், டிரைவர் கேட்டான். கழிவுதான், எப்படி வேணா போட்டுக்கோன்னு நீங்கதான் சொன்னீங்க. போட்ட எடத்த அவங்கிட்ட கேளுங்க.”

“துர்கா, உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தணும்னு எதையாவது பேசாதீங்க.”

என்னத்தைப் பேசினேன் நான்? நடந்ததைச் சொன்னேன்.

ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்து என் வீட்டுக்காரரை வண்டி ஸ்டாண்டிலேயே வைத்துக் கூட்டிப்போனார்கள். எழுதிக் கொடுத்த புகார் ஒன்றும் இல்லை. முதலாளி வீட்டு வாய் வார்த்தைதான். சும்மா விசாரிக்க என்றார்கள். எல்லாரும் பார்க்க, தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவரும் சரிங்க சார் என்று போயிருக்கிறார். நான் ஓடினேன். பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை, அவராகவே கழற்றியிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வரவில்லை.

“டிரைவர் நம்பர் என் போன்ல இருக்குதுங்க சார். வழி கேட்டு அவன்தான் பண்ணான். அவன ஒரு வார்த்த கேளுங்க” என்று நீட்டினேன்.

“நாங்க பாத்துக்கறோம், நீ போம்மா” என்றார் ஏட்டு. நம்பரை எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

நானே அடித்தேன். எடுக்கவில்லை. ஸஹானாவுக்கு அடித்தேன். “மேடம், டிரைவர் விவரத்தை நாங்க ஷேர் பண்றதில்ல. நாங்க ஓசூர் டிரான்ஸ்போர்ட்டுக்குத்தான் கொடுத்தோம். அவங்க வேற ஒருத்தருக்குக் கொடுத்திருக்காங்க. அவர் யாருக்குக் கொடுத்தார்னு எங்க சிஸ்டத்துல வராது” என்றாள்.

“வண்டி புடிக்கிறதுதானேம்மா உங்க வேல? யாரு வண்டின்னே தெரியாதுன்னா நீ இன்னாத்தப் புடிச்ச?” என்றேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அவரை வீட்டுக்கு விடவில்லை. மறுநாள் காலையில் மறுபடி தர்மபுரிக்காரனுக்கு அடித்தேன். எடுத்தான். எங்கேயோ வடக்கே ஓட்டிக்கொண்டிருந்தான்.

“அந்தக் கழிவா அக்கா? ஓச்சேரி தாண்டி ஒரு டீக்கடையில நாலு மூட்ட எறக்கி வெச்சேன். முன்னாடி செக்கிங் நின்னுக்கினு இருந்தாங்க, ஓவர்லோடுக்குப் புடிச்சா யாரு கட்றது? திரும்பி வரும்போது எடுத்துக்கறேன்னு எனக்கு லோடு குடுத்த புக்கிங் ஆளுகிட்டயும் சொன்னேன். கழிவுதானே, மெதுவா வரட்டும்னாரு. ஏன்க்கா, யாராவது கேட்டாங்களா?”

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லோரும் சொன்னதைத்தான் அவனும் நம்பியிருக்கிறான்.

வேலூர் பஸ்ஸில் ஏறி ஓச்சேரி தாண்டி இறங்கினேன். ரோட்டோரத்தில் கீற்றுக் கொட்டகை, பொன்னியம்மாள் என்று ஒரு அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தார். கொட்டகைக்கு வெளியே வரிசையாக ஒரு நீளத் திட்டு மாதிரி, மேலே பழைய கல்யாண பேனர் விரித்திருந்தது. பேனரில் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தின் மேல் மூன்று லாரி டிரைவர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பேனரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். என் தையல். இழுத்து முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே சொருகியிருப்பேன்.

“தர்மபுரித் தம்பி வெச்சிட்டுப் போச்சுமா. மெத்துன்னு இருக்குதா, ஜனங்க உக்காந்துக்கினு போறாங்க. எடுத்துக்கப் போறியா?” என்றார் பொன்னியம்மாள்.

“எடுத்துக்கறவரு வருவாரு. அதுவரைக்கும் யாரையும் உக்கார வெக்காதீங்கம்மா” என்றேன்.

ஒருத்தர் எடுத்துக்கொண்டு போயிருந்தால்? மழை பிடித்துக்கொண்டிருந்தால்? என் வீட்டுக்காரர் ஆயுசுக்கும் திருடனாகவே இருந்திருப்பார். வழியில் போகிறவர்கள் நல்லவர்களாக இருந்ததால் தப்பித்தோம்.

முதலாளி கடைக்குப் போன் செய்தேன். எடுத்தது ஸ்ரீகர்.

“உங்க மூட்ட எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அவர வெளிய வுடச் சொல்லுங்க. அவரு வண்டிய எடுத்துக்கினு ஓச்சேரிக்கு வரட்டும். நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் வந்தாத்தான் எடத்தச் சொல்லுவேன்.”

“அப்போ நீங்களும் இதுல கூட்டா?”

“ஆமா, வந்து புடிச்சிக்கினு போங்க.”

நடுவில் முதலாளி போனை வாங்கினார். “ஸ்டேஷனுக்குச் சொல்லிடறேம்மா. கோபப்படாதே” என்றார். கோபப்படாதே என்று சொல்வதற்கு மட்டும் அவருக்கு வாய் திறந்தது.

ஸ்ரீகர் கார் முதலில் வந்தது. வெயிலில் வேர்த்து இறங்கினார். “எங்க?” என்றார்.

“அவரு பின்னாடி வந்துக்கினு இருக்காரு. உக்காருங்க சார். டீ குடிங்க.”

வேறு உட்கார இடமில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, பேனர் மேல் இருந்த தூசியைத் தட்டி, மாப்பிள்ளை முகத்தின் மேல் உட்கார்ந்தார். பொன்னியம்மாள் டீ கொடுத்தார். ஸ்ரீகர் காலை ஆட்டிக்கொண்டே குடித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாழ்க்கையில் அப்படி ஒரு டீயை யாரும் குடித்திருக்க மாட்டார்கள்.

லாரி வந்தது. என் வீட்டுக்காரர் இறங்கினார். கசங்கிய சட்டை, மூஞ்சியில் முள்ளுத்தாடி. ஸ்ரீகரைப் பார்த்ததும் கை தானாகக் கும்பிடப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சார், நீங்க உக்காந்துக்கினு இருக்கிற மூட்டையில இன்னா இருக்குது?”

ஸ்ரீகர் குனிந்து பார்த்தார். நான் பேனரை இழுத்தேன். கறுப்பு மையில் கழிவு நூல் என்று இருந்தது. எழுத்து என்னுடையது, அந்தப் பொய் குடோனுடையது. அவர் கையிலிருந்த டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. சட்டென்று எழுந்துவிட்டார்.

“டிரைவர் ஓவர்லோடுன்னு எறக்கி வெச்சிட்டுப் போயிருக்கான். கழிவுன்னு நீங்க சொன்னத நம்பிக்கினு. எத்தினி பேரு உக்காந்தாங்களோ, ஜரிகை எத்தினி எடத்துல மடிஞ்சி ஒடிஞ்சிருக்குமோ, அத்த நீங்க பாத்துக்கங்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். இவரு திருடலன்னு உங்க வாயால சொல்லுங்க.”

ஸ்ரீகர் கர்ச்சீப்பால் சட்டையைத் துடைத்தார். “ஒரு கம்யூனிகேஷன் கேப் ஆயிடுச்சு. அதான் கிடைச்சிடுச்சே, விடுங்க. ஸ்டேஷன்லயும் அனுப்பிட்டாங்க இல்ல. உமாபதி, ஏத்துங்க. நேரா பெங்களூர் போயிடுங்க. பழைய வாடகையே கொடுத்துடலாம்.”

பழைய வாடகை. ஒரு மனுஷனை ஸ்டேஷன் பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார வைத்ததற்குப் பழைய வாடகை. நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் குனிந்து முதல் மூட்டையைத் தோளுக்குத் தூக்கிவிட்டார். பழக்கம். மூட்டையைக் கண்டால் தோள் தானாகப் போகிறது.

“கீழ வைங்க” என்றேன்.

மூட்டையோடு நின்றார். என்னைப் பார்த்தார், ஸ்ரீகரைப் பார்த்தார். ஸ்ரீகர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தை வரும் என்று இவர் காத்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. வார்த்தை வரவில்லை.

மூட்டையை மெதுவாக, அடிபடாமல், இருந்த இடத்திலேயே இறக்கி வைத்தார். பட்டு ஆயிற்றே.

“ஆப்புல போடுங்க சார். யாராவது கம்மியா வருவாங்க” என்றார். குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகவே வழி சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நாங்கள் வண்டியில் ஏறிக் கிளம்பினோம். ஸ்ரீகர் பின்னாலேயே, “உமாபதி, உமாபதி” என்று கூப்பிட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தார். அப்புறம் மூட்டையைத் தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று உறைத்திருக்கும், திரும்பி ஓடினார். நாலு மூட்டை அந்தக் காருக்குள் நுழையாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கண்ணாடியில் பார்த்தேன். மூட்டைகளின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாமல் வருவதற்குள் என் வீட்டுக்காரர் போனில் மணி அடித்தது. அவர் ஓட்டிக்கொண்டிருந்ததால் நான் எடுத்துப் பார்த்தேன். ஆப்பில் புது லோடு. ஏற்றுமிடம் ஓச்சேரி. இறக்குமிடம் பெங்களூர். நாலு மூட்டை. சரக்கு: கழிவு நூல்.

இவ்வளவுக்கு அப்புறமும் கழிவு நூல். நடு ரோட்டில் உட்கார்ந்துகொண்டு பட்டு என்று சொல்ல ஸ்ரீகருக்குப் பயம். ஸஹானாவுக்குப் போன் பண்ணியிருப்பார், அவளும் சர்க்கரையாகப் பேசிப் போட்டிருப்பாள். விலை இறங்க ஆரம்பித்தது. யாரோ ஒருத்தன் கேட்டான், இன்னொருத்தன் அதைவிடக் குறைத்தான். இனி ஒரு லாரி வரும். மேலே எதை ஏற்றுவானோ, எங்கே இறக்கி வைப்பானோ. மறுபடி காணாமல் போனால் மறுபடி யாரைக் கேட்பார்கள்? வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

“அதுல எப்பிடிப் போடறது?” என்று கேட்டேன். சொன்னார். நான் ஒரு ரூபாய் என்று போட்டேன்.

அந்த ஆப்புக்கு வெட்கம் கிடையாது. எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லாது. கொஞ்ச நேரத்தில் பச்சை எழுத்தில் வாழ்த்து வந்தது. லோடு எங்களுக்கு.

“இன்னாம்மா பண்ண?” என்று பதறினார். “ஒரு ரூபாய்க்கு ஓட்டணுமா?”

“யாரு ஓட்டப் போறா? வண்டி யாருதுன்னு இப்ப அந்த ஸ்ரீகருக்குப் பேரும் நம்பரும் போயிருக்கும். பேசாம இருங்க.”

போன் அடித்தது. ஸ்ரீகர்தான். நான் ஸ்பீக்கரில் போட்டு, “சொல்லுங்க சார்” என்றேன்.

“துர்கா, விளையாடாதீங்க. இருட்டறதுக்குள்ள இத எடுத்தாகணும். வண்டியத் திருப்பச் சொல்லுங்க.”

“திருப்பறேன் சார். சொல்ல வேண்டியத நீங்க இன்னும் சொல்லல.”

ஸ்ரீகர் தொண்டையைக் கனைத்தார்.

“சரி. உமாபதி திருடல.”

“கேக்கல சார். பக்கத்துல டீக்கடை அம்மா இருப்பாங்க. அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க.”

“உமாபதி திருடல” என்றார், கொஞ்சம் உரக்க. தூரத்தில் பொன்னியம்மாளின் குரல், “யாரு சார், யாரு திருடல?” என்று கேட்டது. “உமாபதி. எங்க வண்டிக்காரரு. அவர் திருடல” என்று ஸ்ரீகர் அந்த அம்மாவிடம் சொல்வது கேட்டது.

என் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தன. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்பப் போகிறார், சரிங்க சார் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஸ்டாண்டுக்கு வந்து இன்னொரு தபா சொல்லச் சொல்லு” என்றார்.